பத்திரிகையில் ஒரு கூட்டல் குறி

எனக்குக் கோபம் அதிகம் என்று செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு பெயரை வரியின் நடுவில் கொண்டுவர ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்த பக்கத்துக்குப் போக என்டரை அமுக்கி அமுக்கியே போய்ச் சேருகிறவர்கள் இன்னொரு ரகம். இவர்கள் எல்லாம் நல்லவர்கள்தான். வயலில் வரப்பைக் கோணாமல் போடுவார்கள், வீட்டில் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் என்னவோ ஆகிவிடுகிறது.

என் கடையில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், எப்போதும் பேப்பரைக் கடித்துக்கொள்ளும் ஒரு பிரிண்டர். கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் வழி கேட்பார்கள். உள்ளூர்க்காரர்கள் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுப்பார்கள். சோறு போடுவது பத்திரிகைகள்தான். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர், புதுமனை, கருமாதி. மேட்டரை வாங்கி செட் செய்து, புரூஃப் காட்டி, திருத்தம் போட்டு, பிரஸ்ஸுக்கு அனுப்புவேன். அனுப்பும் முன்னால் ஃபைலைக் கூட்டிப் பெருக்குவேன். எங்கள் தெருவில் வேறு யாரும் அதைச் செய்வதில்லை. தெரியாமல் இல்லை, பொறுமை கிடையாது.

கூட்டிப் பெருக்குவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். என்ன ஃபாண்ட், எவ்வளவு பெரிய எழுத்து, என்ன நிறம் என்பதையெல்லாம் சேர்த்து முடிச்சுப் போட்டு ஒரு பெயர் வைத்துவிடலாம். அதற்கு ஸ்டைல் என்று பேர். ‘தாய்மாமன்’ என்று ஒரு ஸ்டைல் வைத்தால் எல்லாத் தாய்மாமன்களும் பள்ளிக்கூட யூனிபாரம் போட்ட மாதிரி ஒரே அளவில் நிற்பார்கள். ஸ்டைலை ஓர் இடத்தில் மாற்றினால் எல்லாரும் சேர்ந்தே மாறுவார்கள். நடுவில் யாராவது புகுந்து ஒரே ஒரு மாமனை மட்டும் கையால் பெரிதாக்கிவிட்டால், ஸ்டைலின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூட்டல் குறி வந்து உட்கார்ந்துகொள்ளும். சொன்னதற்கு மேல் இங்கே என்னவோ செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் குறியைப் பார்த்தாலே சட்டைக் காலரில் அழுக்கைப் பார்த்த மாதிரி எனக்குக் கை பரபரக்கும்.

எங்கள் பக்கத்தில் யாரும் பத்திரிகையைப் புதிதாக ஆரம்பிக்க மாட்டார்கள் என்பது என் இன்னொரு தலைவலி. சொந்தத்தில் யார் கல்யாணம் நல்லபடியாக நடந்ததோ அவர்கள் ஃபைலை வாங்கி, அதன் மேலேயே பெயரை மாற்றுவார்கள். “இது ராசியான பத்திரிகை அக்கா, அந்தப் பொண்ணுக்கு வருஷத்துக்குள்ள கொழந்த பொறந்துட்டுது” என்பார்கள். மேலே பெயர் மாறிவிடும். உள்ளே பழைய கல்யாணத்தின் ஸ்டைல்கள் அப்படியே கிடக்கும். ஒரு தடவை கருமாதிப் பத்திரிகை ஃபைல் ஒன்றைத் திறந்தேன். ஸ்டைல் பட்டியலில் ‘மணமகள் தங்க கலர்’ என்று இருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அழித்தேன்.

இதற்கு மேல் இருக்கிறது எழுத்தின் அளவு. பத்திரிகையில் பெயர் வருவது மட்டும் போதாது, எவ்வளவு பெரிதாக வருகிறது என்று பார்ப்பார்கள். ஸ்கேல் வைத்து அளந்த ஒரு பெரியப்பாவை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு நூல் சின்னதாகப் போய்விட்டால் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று நிற்பார்கள். கல்யாணச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால் ஊர் ஒரு வாரத்தில் மறந்துவிடும். பத்திரிகையை மறக்காது, எடுத்து வைத்துக்கொள்ளும்.

இந்த நிலைமையில்தான் அந்தப் பெண் வந்தாள். வல்லம் பக்கத்துக் கிராமம். நர்ஸ் வேலை, திண்டிவனத்தில். அப்பா அவள் சின்ன வயதில் இறந்துவிட்டார். அம்மா அங்கன்வாடியில் உதவியாளர், ஊர்ப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றி, தன் பெண்ணையும் படிக்க வைத்தவர். இரண்டு பேரும் சேர்ந்தே வந்திருந்தார்கள். பெண் பென் டிரைவை நீட்டினாள். அம்மா நாற்காலி இருந்தும் உட்காராமல் ஜெராக்ஸ் மெஷினை ஒட்டி நின்றார்.

“அக்கா, மொதல்ல நான்தான் செட் பண்ணேன். கீழ ‘அன்புடன் அழைக்கும்’ னு போட்டு எங்கம்மா பேரும் சித்தப்பா பேரும் ஒரே மாதிரி வெச்சேன். அப்பறம் சித்தப்பா பையன் வாங்கிக்கினு போனான். ரெண்டு அத்த வூட்டுக்கும் அனுப்பனாங்க, மாப்ள வூட்டுக்கும் போச்சி. இப்ப பாருங்க, எப்படி வந்திருக்குதுன்னு.”

திறந்தேன். தலையில் கை வைத்துக்கொண்டேன். ஸ்டைல் பட்டியல் உருட்ட உருட்டத் தீரவில்லை. ‘சித்தப்பா பெருசு’, ‘சித்தப்பா பெருசு 2’, ‘அத்தை கலர்’, ‘மாப்ள வீடு பைனல்’, ‘பைனல் பைனல்’. எல்லாவற்றின் பக்கத்திலும் கூட்டல் குறி. சித்தப்பா பெயர் தங்க நிறத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. அத்தைகள் இருவரும் மாமாக்களோடு அதற்குச் சற்றுத்தான் கீழே. மாப்பிள்ளை வீட்டார் விட்டுக்கொடுப்பார்களா, அவர்களும் அதே அளவு.

“உங்க பேரு எங்கக்கா?” என்று அம்மாவைக் கேட்டேன்.

அவர் திரையைப் பார்க்கவே இல்லை. பெண்தான் விரலை வைத்துக் காட்டினாள். கீழே ஓரத்தில், ‘மற்றும் உற்றார் உறவினர்கள்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு மாதிரி தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தபிறகுதான் எழுத்து என்று புரிந்தது.

அதைச் சொடுக்கி உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தேன். அடியில் அந்தப் பெண் வைத்த ‘அழைக்கும்’ ஸ்டைல் அப்படியே இருந்தது. அதன் மேல் ஒருவர் அளவைக் குறைத்திருந்தார். பிறகு யாரோ எழுத்துகளைப் பக்கவாட்டில் நெருக்கியிருந்தார். அதற்குப் பிறகு இன்னும் ஒரு சுற்று குறைத்திருந்தார்கள். முதலில் எனக்கு வந்தது ஆத்திரம்தான். புருஷன் இல்லாதவள் பெயர் என்றால் இவ்வளவு இளக்காரமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு என்னையே நான் ஏமாற்றிக்கொள்ள முடியாது. அந்த அம்மாவைச் சின்னதாக்க வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. ஆளாளுக்குத் தன் பெயரைக் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறார்கள். அட்டையில் இடம் போதவில்லை. யார் பெயரைக் கிள்ளினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்களோ அந்தப் பெயரைக் கிள்ளியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் கிள்ளியிருப்பார்கள்.

“என் பேரு எம்மாஞ் சின்னதா இருந்தாலும் பரவால்லம்மா” என்றார் அந்த அம்மா. “கொழுந்தன் மூஞ்சத் தூக்கி வெச்சிக்காம வந்து நிக்கணும், எனக்கு அதான். அவரும் அவர் சம்சாரமும் மனையில உக்காந்தாத்தான இவளத் தார வாத்துக் குடுக்க முடியும்? நான் உக்கார முடியுமா? இத்துனூண்டு பேருக்காவ அவரு வராம பூட்டாருன்னா, எம் பொண்ணு ஆருமில்லாதவ மாதிரி நிப்பாம்மா.”

“எனக்குப் பரவா இருக்குது” என்றாள் பெண். குரல் உடைந்துவிட்டது. “நைனா பேரு மேல பெருசா இருக்குது. அவரு இருந்த வரைக்கும் இருந்தாரு. அப்பறம் எல்லாம் இவங்கதான. என் பத்திரிகைல எங்கம்மா பேர நாலு பேரு படிக்கிற மாதிரி இருக்கணும். சித்தப்பாவும் வரணும்.”

இரண்டும் வேண்டும் என்றால் நான் என்ன செய்வேன். நான் கடை வைத்திருக்கிறேனா, பஞ்சாயத்து வைத்திருக்கிறேனா. நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டேன்.

என் கல்யாணப் பத்திரிகையில் என் அம்மாவின் பெயரே கிடையாது. அப்பா பெயர், பெரியப்பா பெயர், மாமா பெயர், அதோடு சரி. அன்றைக்கு அது எனக்கு உறுத்தவும் இல்லை, அம்மாவும் கேட்கவில்லை. அந்த மத்தியானம் அது ஞாபகம் வந்து சோறு இறங்கவில்லை.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஃபைலைக் கூட்ட உட்கார்ந்தேன். யாருக்கும் பயன்படாத ஸ்டைல்களை முதலில் அழித்தேன். ‘அத்தை கலர்’ போனது, ‘பைனல் பைனல்’ போனது. பிறகு கீழே அழைப்பவர்கள் எல்லாரையும் சேர்த்துப் பிடித்து, அந்தப் பெண் ஆரம்பத்தில் வைத்த ‘அழைக்கும்’ என்ற ஒரே ஸ்டைலைக் கொடுத்தேன். மேலே ஒட்டியதை எல்லாம் உதிர்த்துவிடு என்று ஒரு கட்டளை இருக்கிறது, அதையும் கொடுத்தேன். கூட்டல் குறி மறைந்தது. பெரிய பெயர்கள் எல்லாம் ஒரு படி இறங்கின. ஓரத்தில் இருந்த அந்தக் கோடு விரிந்து, மேலே ஏறி, கொழுந்தன் பெயருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அட்டையில் இடம் போதவில்லை என்றுதானே கிள்ளினார்கள், எல்லாரும் உட்கார்ந்த பிறகும் கீழே இடம் மிச்சம் இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கம்ப்யூட்டரைப் பார்த்து அழுகிறவள் செஞ்சியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

புரூஃபைப் பெண்ணின் போனுக்கு அனுப்பினேன். அச்சிலேயே பார்க்கட்டும் என்று அம்மாவுக்கு மட்டும் காட்டாமல், அவள் சொந்தத்தில் மற்ற எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாள். மறுநாள் காலையில் கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா வந்துவிட்டார்.

ஐம்பதை நெருங்கும் ஆள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கால் விரல் இடுக்கில் செம்மண். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற நேரம், வயலில் ஆளை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“யாரும்மா இத செட் பண்ணது?”

“நான்தாண்ணா. உக்காருங்க.”

“உக்கார வரல. என் பேரு இன்னாத்துக்கு இப்பிடிச் சின்னதா ஆயிட்டுது?”

“சின்னதா இல்லண்ணா. எல்லாருக்கும் ஒரே சைஸு.”

“எல்லாரும் ஒண்ணா? மனையில உக்காந்து தார வாக்கப் போறது நானு. கல்யாண வேல பூரா இழுத்துப் போட்டுக்கினு செய்யறது நானு. ஊர்ல பாக்கறவன் இன்னா நெனப்பான்?”

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வந்ததால் அடக்கிக்கொண்டு, எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்கிற பொய்யைச் சொன்னேன்.

“சிஸ்டம் அப்பிடிண்ணா. ஒருத்தர் பேரப் பெருசாக்கனா பிரஸ்ல எடுக்காது.”

“எம் பையன் இஞ்சினீரிங் படிச்சவன். அவன் போட்டப்ப மட்டும் எப்பிடி எடுத்துது?”

அதோடு என் பொய் செத்தது. அவர் கோபத்தில் இன்னும் ஏதோ சொல்வார் என்று பார்த்தேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வேறு ஆள் மாதிரி பேச ஆரம்பித்தார்.

“எங்கண்ணன் கல்யாணத்துக்குப் பத்திரிக அடிச்சாங்க. அப்ப எனக்கு மீச கூட மொளைக்கல. பத்திரிக வெக்கற வேல பூரா என் தலையில. சைக்கிள்ல பைய மாட்டிக்கினு தளவானூரு, மண்டகப்பட்டுன்னு சொந்தக்காரன் இருக்கற ஊருக்கெல்லாம் நான்தான் போனேன். எடுத்துக் குடுப்பேன், வாங்கனவங்க படிச்சிப் பாத்துட்டு, ‘இன்னாடா, உன் பேரக் காணோம்’ னாங்க. எல்லாப் பேரும் இருந்துச்சி. எங்க அக்கா புருஷன் பேரு இருந்துச்சி. கூடப் பொறந்த தம்பி பேரு இல்ல. வேணும்னு உடல, மறந்துட்டாங்க. அண்ணன் கூட என்னக் கூப்ட்டு, ‘தப்பாப் போச்சிடா’ ன்னாரு. நான் இன்னா பண்றது? மிச்சம் இருக்கற ஊருக்கும் நான்தான போயாவணும்? போனேன். ஒவ்வொரு வூட்லயும் சிரிச்சிக்கினே குடுத்தேன்.”

அவர் அதைச் சொல்லும்போதும் சிரித்தார். எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. தன் பெயர் இல்லாத பத்திரிகையை வெயிலில் சைக்கிள் மிதித்து வீடு வீடாகக் கொடுத்த பையன் எதிரில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கொட்டை எழுத்து வேண்டாமா? வேண்டும்தான் என்று எனக்கே தோன்றியது.

எதிர் டீக்கடைப் பையனைக் கூப்பிட்டுக் காபி கொண்டுவரச் சொன்னேன். அதற்குள் அந்தப் பெண் பென் டிரைவில் கொண்டுவந்த பழைய ஃபைலைத் திறந்தேன். அதை அப்படியே, அட்டை என்ன அளவோ அந்த அளவிலேயே, தாளில் அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன். போனில் பார்க்கும்போது விரலால் பெரிதாக்கிக்கொள்ளலாம், தாளில் அது நடக்காது. பார்க்கவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன்.

“இங்க இன்னா எழுதிருக்குதுன்னு படிங்கண்ணா.”

அவர் தாளைத் தள்ளிப் பிடித்தார். பக்கத்தில் கொண்டுவந்தார். வெளிச்சத்துக்கு வாசல் பக்கம் திரும்பினார். “இன்னா, பிரஸ் பேரா?” என்றார்.

“உங்க அண்ணி பேருண்ணா.”

அவர் மறுபடி தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். உதடு அசைந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பார்க்கிறார் என்று தெரிந்தது. முடியவில்லை.

“நான் இப்பிடிப் பண்ணச் சொல்லலம்மா” என்றார்.

“தெரியுண்ணா. யாரும் சொல்லல. உங்க பேரு கொஞ்சம் பெருசாச்சி, அவங்க பேரு கொஞ்சம் சின்னதாச்சி. அப்பறம் அத்தைங்க பேரு பெருசாச்சி. அப்பவும் இவங்க பேருதான் சின்னதாச்சி.”

“அண்ணி ஒண்ணும் கேக்கலியே.”

“நீங்க அன்னிக்கி கேட்டீங்களா?”

வாய் தவறித்தான் வந்துவிட்டது. எனக்கு எப்போதுமே நாக்கு கொஞ்சம் நீளம். அடித்துவிடுவாரோ என்று கூட ஒரு கணம் பயந்தேன். அவர் காபியைக் குடிக்காமல் டம்ளரைத் தள்ளி வைத்தார். திருவண்ணாமலை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. காபி ஆடை கட்டிவிட்டது.

எழுந்தார். தாளை நான்காக மடித்து சட்டை ஜோபியில் வைத்துக்கொண்டார்.

“அண்ணி பேர மொதல்ல போடு. அதுக்கு அடுத்தது என்னுது. சைஸு ஒண்ணாவே இருக்கட்டும். எம் பையன் கிட்ட நான் சொல்லிக்கறேன், அக்காளுங்ககிட்டயும் நான் பேசிக்கறேன்.” படியில் இறங்கிவிட்டுத் திரும்பினார். “என் பேர உட்டுடாதம்மா.”

“உட மாட்டண்ணா” என்றேன். சாமி படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்கிற மாதிரிதான் சொன்னேன்.

அத்தைகளில் ஒருவர் போனில் என்னை ஒரு பிடி பிடித்தார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஃபைலை பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் இன்னொரு தடவை பட்டியலைத் திறந்தேன். ஸ்டைல்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கியிருந்தன. ஒன்றின் பக்கத்திலும் கூட்டல் குறி இல்லை. சித்தப்பாவின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

பத்திரிகைக் கட்டுகள் வந்த அன்று கொழுந்தனும் அண்ணியும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். அந்த அம்மா ஒரு சின்னக் கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்திருந்தார். முதல் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி குலதெய்வத்துக்கு வைக்கவேண்டும். கட்டைப் பிரித்து மேலே இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். கிண்ணத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார்.

அவர் கண் நேராகக் கீழே ஓரத்துக்குப் போனது. ‘மற்றும் உற்றார் உறவினர்கள்’ என்ற வரியின் பக்கத்தில் தேடினார். அட்டையைச் சாய்த்துப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. அவர் முகத்தில் வருத்தம் கூட வரவில்லை. சரி, எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று ஒத்துக்கொண்ட முகம் அது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் கொழுந்தன் எட்டிப் பார்த்தார்.

“அங்க இன்னா தேடற அண்ணி? இங்க பாரு.”

மஞ்சள் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, அண்ணியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தார். அந்த அம்மா பார்த்தார். முதலில் பெயரை, பிறகு கொழுந்தனை.

“இம்மாம் பெருசா எதுக்குத் தம்பி?”

“பெருசு இல்ல அண்ணி. எல்லாருக்கும் ஒரே சைஸுதான்” என்றார் அவர்.

அந்த அம்மா தலையாட்டினார். பிறகு விரலை நகர்த்திப் பக்கத்தில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, “உன் பேரு இருக்குது தம்பி” என்றார். அவருக்கு அந்தச் சைக்கிள் கதை தெரியும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கல்யாணத்துப் பத்திரிகைதானே அது.

கொழுந்தன் கட்டுகளை எடுத்துப் பைக்குள் அடுக்கி, வண்டியின் ஹேண்டில்பாரில் மாட்டினார். எந்த ஊரிலிருந்து ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். தளவானூர் என்றார்.